ராகலைக் கடையில் என் எழுத்து

நிஸ்தார் நானா என் மேசையில் இரண்டு தேயிலைப் பெட்டிகளை வைத்தார். வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

அவர் தாழ்ந்த குரலில் பேசுகிற மனிதர் இல்லை. ஹட்டன் டவுனில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளம் பலசரக்குக் கடை, மேல்தளம் அச்சகம், இரண்டுக்கும் அவரே முதலாளி. முஸ்லிம் பெரியவர்களை எங்கள் பக்கம் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம். கீழே அவர் தும்மினால் மேலே எங்களுக்குக் கேட்கும். நான் மேலே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கல்யாணக் கார்டு முதல் கோயில் திருவிழா நோட்டீஸ் வரை வடிவமைக்கிறவள்.

“இதுல எங்கட பெட்டி எது மகள்?” என்று கேட்டார்.

இரண்டுமே ‘தூவானம்’ தேயிலை. நானா சொந்தமாகத் தேயிலை வாங்கி, பெட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியபோது அந்தப் பெட்டியை வரைந்தவள் நான். பெயர் வைத்ததும் நான்தான். செம்பழுப்பு அட்டை, நடுவில் வெள்ளை எழுத்து, வேறு ஒன்றும் கிடையாது. கொழுந்து எடுக்கும் பெண்ணின் படம் கூடாது, இரண்டு இலையும் ஒரு மொட்டும் கூடவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்று சாதித்த பெட்டி அது.

இடது பக்கம் இருந்தது எங்களுடையது. வலது பக்கப் பெட்டியில் ‘தூ’ என்ற எழுத்தின் வால் நீண்டிருந்தது. சொல் முழுவதற்கும் அடியில் ஓடி, பெட்டியின் விளிம்பில் திரும்பி, பக்கவாட்டில் ஒரு சின்னத் துளியாக முடிந்திருந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அச்சில் எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது. அந்த நீண்ட வாலை நாங்கள் ஒருபோதும் அச்சடித்து வெளியே விட்டதில்லை.

“இது எங்கேருந்து வந்துச்சு நானா?”

“ராகலை. எங்கட லொறி டிரைவர் ஒரு கடையில கண்டு வாங்கிட்டு வந்தீக்கிறார். உள்ளுக்கு ஈக்கிறது தேயிலையே இல்ல மகள். பெக்டரியில கூட்டி அள்ளின தூசு.”

பெட்டியைத் திறந்து உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். நாரும் புழுதியுமாக இருந்தது. அதைக் குடித்துவிட்டு நானாவின் பெயரைச் சொல்லித் திட்டியிருப்பார்கள் என்று நினைக்கவே எனக்குக் கூசியது.

“கடையில ஈக்கிற எங்கட பெட்டியப் பார்த்து அடிச்சிருந்தா எங்கட பெட்டி மாதிரித்தானே வரணும்? இது நான் வேணாமுண்டு சொன்ன வால். இது இந்த ரூமை விட்டு வெளிய போகவே இல்லையே.”

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. என் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

சந்தேகப் பிராணி

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு என் சுபாவம் இதற்குள் தெரிந்திருக்கும். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். நான் ஒரு சந்தேகப் பிராணி.

அழகாக இருக்கிற எதையும் நான் உடனே நம்புவதில்லை. பிஸ்கட் பெட்டியில் படம் எவ்வளவு பெரிதோ உள்ளே பிஸ்கட் அவ்வளவு சிறிது. தங்க எழுத்துப் போட்ட முகப்பூச்சு எதையும் வாங்க மாட்டேன். தேர்தல் காலத்தில் வேட்பாளர்களின் கன்னத்து மருவை அழித்து, பல்லை வெள்ளையாக்கிக் கொடுக்கிறவள் நான். நானே பூசி மெழுகிய முகங்களை நானே எப்படி நம்புவது? அலங்காரத்துக்குப் பின்னால் எதையோ மறைக்கிறார்கள் என்பது தொழில் எனக்குக் கொடுத்த புத்தி.

ஆனால் அந்த அலங்காரத்தின் மேல் தீராத ஆசையும் எனக்குத்தான். நோர்வூட்டிலிருந்து காலையில் ஹட்டனுக்கு பஸ் ஏறினால் சன்னல் வழியாக நான் பார்ப்பது மலையை அல்ல, பெயர்ப்பலகைகளை. சிங்கள எழுத்து கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்கும், ஆங்கிலம் நிமிர்ந்து நிற்கும், தமிழை மட்டும் இடம் போதாமல் நசுக்கி வைத்திருப்பார்கள். நசுக்கிய பலகையைக் கண்டால் அந்த நாள் முழுவதும் எனக்கு எரிச்சல். கோச்சியில் போகும்போது றொசல்ல ஸ்டேஷனில் நின்றால், நடைமேடைப் பலகையின் ‘றொ’ எப்படி வளைகிறது என்று எட்டிப் பார்ப்பேன். எதிரில் இருப்பவர் நான் யாரையோ தேடுகிறேன் என்று நினைத்து அவரும் எட்டிப் பார்ப்பார்.

கடைக்குப் போனால் இன்னும் மோசம். தீப்பெட்டியை எடுத்துச் சிவப்பைப் பார்ப்பேன். ஃபிளாஸ்கைத் திறந்து மூடித் திறந்து மூடி அதன் சத்தத்தைக் கேட்பேன். ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றுகிற ஃபிளாஸ்க் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதன் வாயை வடிவமைத்தவர் யாரோ, அவரை நேரில் கண்டால் கையெடுத்துக் கும்பிடுவேன். ஒருமுறை சவர்க்காரப் பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடைக்காரர் என்னை நுகர்வோர் அதிகாரி என்று நினைத்து நாற்காலி போட்டுக் கொடுத்தார். உட்கார்ந்து இன்னும் நான்கு பெட்டிகளைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இவ்வளவு சந்தேகப்படுகிறவளுக்கு ஒரே ஒரு மூடநம்பிக்கை இருந்தது. எழுத்தை ரசிக்கிற ஆள் கெட்டவனாக இருக்க மாட்டான் என்று நம்பினேன்.

கணேசண்ணன் சொன்னது

அச்சகத்தில் அப்போது என்னையும் நானாவையும் தவிர இருந்தவர் கணேசண்ணன். ஒப்செட் மெசின் அவர் பொறுப்பு. ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், அவர் குடும்பம் இருந்தது, மனைவி செல்வராணி கொழுந்து எடுக்கிறவர், ஒரே மகள். வாரம் முழுவதும் ஹட்டனில் ஓர் அறையில் தங்கியிருந்து சனிக்கிழமை மத்தியானம் ஊருக்குப் போவார். என்னை ‘தங்கச்சி’ என்பார். பல வருடங்களாக ரொட்டியும் சம்பலும் பகிர்ந்து சாப்பிட்டவர்கள் நாங்கள்.

எழுத்தைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் கிடையாது. “வாசிக்கத் தெரிஞ்சா போதும் தங்கச்சி, அதுக்கு எதுக்குக் கொண்டை, பூவெல்லாம்?” என்பார். அது எனக்கு எப்போதுமே ஒரு குறைதான்.

தூவானம் பெட்டிக்கான பழுப்பைக் கண்டுபிடிக்க எனக்கு நாட்கள் ஆயின. பால் விடாத பிளேன்டீயைக் கண்ணாடிக் கிளாசில் ஊற்றி, சன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் ஒரு நிறம் தெரியும், செம்புக்கும் தேனுக்கும் நடுவில். அதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். நான் கிளாஸ் கிளாசாக ஊற்றிப் பிடிக்க, கணேசண்ணன் மை கலந்து தாளில் இழுத்துக் காட்டுவார். பார்த்து முடித்த தேநீரையெல்லாம் குடித்தவரும் அவரே. “இன்னைக்கு ராத்திரி தூக்கம் வந்த மாதிரிதான்” என்று சிரித்துக்கொண்டே அடுத்த கிளாசை எடுப்பார்.

நிறம் அமைந்த பிறகு நான் அந்த வாலை வரைந்தேன். மழை தூறும்போது காற்று அதைச் சாய்த்துக்கொண்டு போகுமே, அந்தச் சாய்வில் ‘தூ’வின் வாலை இழுத்துப் பெட்டியின் விளிம்பைத் தாண்டிப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனேன். முடிவில் அது ஊசிபோலக் கூராக மெலிந்து நிற்கும். ஒரு பெரிய தாளில் மாதிரி அச்சிட்டுச் சுவரில் ஒட்டினேன்.

கணேசண்ணன் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “மடிப்புல ஒடிஞ்சிரும் தங்கச்சி. நம்ம வெட்டுற மெசின் மயிரிழை தள்ளி வெட்டும். ஒரு பெட்டியில நேரா வரும், ஒம்பது பெட்டியில வால் ஒடிஞ்ச பல்லி மாதிரி நிக்கும்.”

நானா அவர் பக்கம் சாய்ந்துவிட்டார். சிவப்புப் பேனாவால் அந்தத் தாளில் வாலின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டு, “சின்னதா வெட்டுங்க மகள்” என்றார். வெட்டினேன். குட்டை வாலோடு பெட்டி வெளியே போனது, நன்றாகவும் விற்றது. மூன்று நாள் கணேசண்ணனுக்குச் சம்பல் கொடுக்கவில்லை.

அந்த மாதிரித் தாளை அந்தச் சனிக்கிழமை அவர்தான் சுவரிலிருந்து உரித்தார். அச்சகத்தில் வேலை செய்கிறவர்கள் பழுதான தாள்களைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம். பிள்ளைகளின் கொப்பிகளுக்கு உறை போட அதைவிட உறுதியான தாள் கிடைக்காது. பாடசாலை தொடங்கும் மாதத்தில் அச்சகத்தாரின் பிள்ளைகளை எளிதாக அடையாளம் காணலாம், கணக்குக் கொப்பியில் யாரோ ஒருவரின் பூப்புனித நீராட்டு விழா இருக்கும், சமயக் கொப்பியில் வேட்பாளர் சிரித்துக்கொண்டிருப்பார். கணேசண்ணனும் அப்படித்தான் என் தாளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

ஓர் உண்மையான வாக்கியம்

நானா என் கம்ப்யூட்டரைப் பார்த்த அந்தக் கணத்துக்குத் திரும்பி வருகிறேன்.

என்னைத்தான் சந்தேகப்படுகிறார் என்று புரிந்தது. நோர்வூட்டில் வாடகை வீட்டில் இருக்கிற அம்மா, இந்த வேலை போனால் ஹட்டனில் வேறு எந்த அச்சகத்தில் யார் என்னைச் சேர்ப்பார்கள், பெட்டியைத் திருடி விற்றவள் என்ற பெயரோடு எங்கே போவது, எல்லாம் ஒன்றாக நினைவில் வந்தது. வாய் தானாகத் திறந்தது.

“அந்தத் தாள கணேசண்ணே எடுத்துட்டுப் போனாரு நானா. ராகலைக்கு.”

அது உண்மை. ஒரு சொல் கூடப் பொய் இல்லை. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை என்று அப்போது என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நானா மெதுவாகத் தலையாட்டினார். அதன் பிறகு எனக்குள் இருந்த சந்தேகப் பிராணி சும்மா இருக்கவில்லை. கணேசண்ணன் போன மாதம் புதுப் போன் வாங்கியது ஏன்? அடிக்கடி படிக்கட்டில் போய் நின்று யாரோடு பேசுகிறார்? நம்ம பெட்டி எத்தனை ஊருக்குப் போகுது என்று ஒருநாள் நானாவிடம் கேட்டாரே, அது எதற்கு? கேட்டபோது சாதாரணமாகத் தெரிந்த ஒவ்வொன்றும் இப்போது வேறு முகம் காட்டியது. வாலை வெட்டச் சொன்னதுகூடத் தனக்கென்று எடுத்து வைக்கத்தானோ என்று நினைத்தேன் என்றால் பாருங்கள்.

மத்தியானம் நானா அவரைக் கீழே கூப்பிட்டார். மெசின் நின்றது. கால் மணி நேரம் கழித்து மேலே வந்தவர், சாப்பாட்டுப் பெட்டியையும் ஸ்வெட்டரையும் எடுத்தார். மை துடைக்கிற துணியை மடித்து மெசின் மேல் வைத்தார்.

“போயிட்டு வாறேன் தங்கச்சி” என்றார்.

தினமும் சொல்கிற அதே சொற்கள்தான். அதனால் எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. மறுநாள் அவர் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. நானா வரவேண்டாம் என்று சொன்னாரா, அவரே நின்றாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எதையாவது தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

ராகலை பஸ்

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ராகலைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நான் போனது ஆதாரம் தேடி. அவர் வீட்டில் கட்டுக்கட்டாக அந்தப் பெட்டி இருக்க வேண்டும், அல்லது அந்தத் தாள் இல்லாமல் போயிருக்க வேண்டும், அதைக் கண்ணால் கண்டுவிட்டால் எனக்குத் தூக்கம் வரும் என்று நினைத்தேன்.

ராகலையில் இறங்கியதும் முதல் பலசரக்குக் கடையிலேயே அந்தப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. வரிசையாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் வால் மடிப்பில் ஒடிந்திருந்தது. முன்பக்கம் ஒரு உயரத்தில் வந்து, பக்கவாட்டில் மயிரிழை தாழ்ந்து தொடங்கியது. கணேசண்ணன் சொன்ன பல்லி அப்படியே வரிசையாக நின்றது. ஹட்டனில் ஒரே ஒரு பெட்டியைப் பார்த்து மகிழ்ந்தபோது இதை நான் கவனிக்கவேயில்லை.

ஒரு பெட்டி வாங்கினேன். யார் கொண்டு வருகிறார்கள் என்று கேட்டேன்.

“ஒரு வேன்ல வந்து போட்டுட்டுப் போறாங்க. இந்தப் பக்கத்து ஆளுங்க மாதிரி தெரியல” என்றார் கடைக்காரர். “ஏன், தூள் சரியில்லையா?”

“சரியில்லைங்க. வாங்காதீங்க” என்று சொல்லிவிட்டு லயத்துக்கு வழி கேட்டேன்.

வழி சொன்ன பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “கணேசன் வீடா? அந்தப் பெட்டிக்காரரா?” என்றாள். செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருக்கிறது. லொறி டிரைவர் டீக்கடையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க மாட்டார்.

வீட்டில் கணேசண்ணன் இல்லை, லீக்ஸ் பாத்திக்குத் தண்ணீர் விடப் போயிருந்தார். செல்வராணி அண்ணி என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொதிக்க வைக்கிற சத்தம் கேட்டது. மகள் தர்ஷினி தரையில் உட்கார்ந்து சுற்றாடல் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் கொப்பியின் உறையைப் பார்த்தேன். வெள்ளை எழுத்து, செம்பழுப்பு, நானாவின் சிவப்புப் பெருக்கல் குறி.

“கொஞ்சம் தாறீங்களா, பாத்துட்டுத் தாறேன்” என்று வாங்கினேன். வாலின் முனை கொப்பியின் பின்பக்கம் போயிருந்தது. பையிலிருந்து பெட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

கொப்பியில் வால் ஊசிபோலக் கூராக முடிந்தது. பெட்டியில் ஒரு துளியாக முடிந்தது.

துளி.

அந்தத் துளி இந்தத் தாளில் இல்லை. அச்சகத்துக் கம்ப்யூட்டரிலும் கிடையாது. அதை நான் வரைந்தது வேறு ஓர் இடத்தில், வேறு ஒரு நாளில். கணேசண்ணன் அதைக் கண்ணால் கண்டதே இல்லை. கொப்பியைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

ஒரு போயா தினம்

நடந்தது இதுதான். வாலை வெட்டிய பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. பௌர்ணமி விடுமுறைக்கு அச்சகம் பூட்டியிருந்த ஒரு போயா தினத்தில் வீட்டில் என் லெப்டொப்பில் அதைத் திறந்து, யாருக்காகவும் இல்லாமல், முனையில் ஒரு துளி வைத்தேன். அது மிக நன்றாக வந்தது. நன்றாக வந்ததை யாரிடமாவது காட்டாமல் இருக்க முடியாத வியாதி எனக்கு உண்டு. தமிழ் எழுத்துருவில் ஆசை கொண்டவர்கள் சேர்ந்திருந்த ஒரு வட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டேன்.

இதயங்கள் வந்தன, கைதட்டல்கள் வந்தன. ஒருவர் மட்டும் தனியாக எழுதினார். ‘வா’வுக்குள் இருக்கிற இடைவெளியும் ‘ன’வுக்குள் இருக்கிற இடைவெளியும் சமமாக இருப்பதைக் கவனித்தேன், அதற்கு எவ்வளவு நேரம் எடுத்தீர்கள் என்று கேட்டார்.

அதை என் வாழ்க்கையில் யாரும் கவனித்ததில்லை. அம்மா கவனித்ததில்லை, நானா கவனித்ததில்லை, கணேசண்ணன் கவனிக்கவே மாட்டார். ஒரு மணி நேரம் அந்த ஆளோடு வளைவுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர், வால் திரும்புகிற இடத்தில் கோட்டை வளைக்கிற புள்ளிகளை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும், மூல ஃபைலை அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தால்கூடத் திறக்காத நான், ஒரு நிமிடத்தில் அனுப்பினேன். நிறங்களின் அளவு, வெட்டுக்கோடு, மடிப்புக்கோடு, எல்லாம் அதற்குள் இருந்தன. அச்சடிக்க வேண்டியது மட்டும்தான் மிச்சம். மறந்தும் போனேன். கொடுத்ததாகவே எனக்குத் தோன்றவில்லை, பேசிக்கொண்டிருந்ததாகத்தான் தோன்றியது. ஆசையோடு வேலை செய்கிற வடிவமைப்பாளர்கள் எல்லோருக்கும் இந்தக் கிறுக்கு உண்டு. படத்தைப் புகழ்ந்தால் சிரிப்போம், புள்ளியைப் புகழ்ந்தால் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவோம்.

செல்வராணி அண்ணியின் வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் அந்த ஆளைத் தேடினேன். முகப்புப் படம் இல்லை. அழைத்தேன், அந்த எண் பாவனையில் இல்லை என்றது.

கணேசண்ணன் வந்தார். என்னைக் கண்டதும் வாசலில் நின்றார், பிறகு கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

“எத்தன வருசமா ஒன்னா ஒக்காந்து சாப்புட்டோம்” என்றார் கணேசண்ணன். “அண்ணே, நீ எடுத்தியான்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல? நானாவுக்குப் போய்ச் சொல்லுறதுக்கு முந்தி?”

“தப்புதாண்ணே. என்னைய மன்னிச்சிருங்க.”

அவர் மறுபடி பேசுவதற்குள் அண்ணி அடுப்படியிலிருந்து வந்தார். கையில் தேநீர் இருந்தது, கண் சிவந்திருந்தது.

“இங்க வந்து அழுதா யாருக்குத் தெரியும் தங்கச்சி? கொழுந்து நிறுக்கிற மடுவத்துல தெனமும் என்னைய என்னா சொல்றாங்க தெரியுமா? களவாணி பொண்டாட்டின்னு முதுகுக்குப் பின்னாடியே பேசுறாங்க. புள்ளைய ஸ்கூல்ல கேக்குறாங்க. நீங்க அங்க வந்து சொல்லுங்க. அந்தப் பொம்பளைங்க அத்தன பேரும் நிக்கும்போது.”

நான் கணேசண்ணனைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “அவ சொல்றது சரிதான்” என்றார்.

கொழுந்து நிறுக்கும் நேரம்

திங்கட்கிழமை காலையில் நானாவிடம் சொன்னேன். வேலை போய்விடும் என்று நினைத்து மேசையைத் துப்புரவாக்கிவிட்டுத்தான் கீழே இறங்கினேன். அவர் கல்லாவை மூடினார்.

“நீங்க களவெடுத்தாருண்டு சொல்லல்ல. நானும் அவருக்கிட்ட களவெடுத்தீங்களாண்டு கேக்கல்ல, கொஞ்ச நாளைக்கு வேலைக்கு வர வேணாமுண்டுதான் சொன்னேன்” என்றார். “ரெண்டு பேரும் சேர்ந்து அந்த மனுசனக் கொன்னுட்டோம் மகள்.”

வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை கடையை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டு வேனை எடுத்தார். நுவரெலியா தாண்டியதும் மழை பிடித்தது, ராகலை போவதற்குள் விட்டுவிட்டது.

கொழுந்து நிறுக்கும் மடுவம் ஒரு தகரக் கொட்டகை. பின்னேர நிறுவைக்குப் பெண்கள் பைகளோடு வந்து நின்றார்கள், நனையாமல் இருக்க இடுப்பில் கட்டியிருந்த படங்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. நானா நிறுவையைப் பார்த்துக்கொள்ளும் கணக்கப்பிள்ளையிடம் போய்த் தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்து, “சுருக்கா சொல்லுங்க, லொறி வரப்போகுது” என்றார். கணேசண்ணன் கொட்டகைக்கு வெளியே, பாதையோரத்தில் நின்றார். உள்ளே வரவில்லை.

கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. மனசுக்குள் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

“எல்லாருக்கும் வணக்கம். தூவானம் பெட்டி விசயத்துல ஒரு தவறு நடந்துபோச்சு. அந்தப் படம் தெரியாத்தனமா வெளிய போயிருச்சு. கணேசண்ணனுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

சொல்லி முடித்து மூச்சு விட்டேன். கூட்டத்தில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நானாவும் வேன் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

வரிசையின் நடுவிலிருந்து செல்வராணி அண்ணி பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார்.

“எப்புடி வெளிய போச்சு?” என்று கேட்டார்.

“வட்ஸ்அப்புல போயிருச்சுங்க.”

“அதுக்குக் காலா இருக்கு, தானா போறதுக்கு? யாரு அனுப்புனது?”

ஒத்திகையில் இந்தக் கேள்வி இல்லை. நானா என்னைப் பார்த்தார். தராசைப் பிடித்திருந்தவரும் என்னைப் பார்த்தார்.

“நான்.”

“அவரு எடுத்துட்டுப் போனாருன்னு மொதலாளிகிட்ட சொன்னது யாரு?”

“அதுவும் நான்தான்.”

“சத்தமாச் சொல்லுங்க” என்றார் அண்ணி. குரல் உயரவில்லை, கோபமும் இல்லை. “கடைசியில நிக்கிறவங்களுக்குக் கேக்கல.”

என் பெயரைச் சொன்னேன். படத்தை முகம் தெரியாத ஓர் ஆளுக்கு அனுப்பியது நான் என்றும், என்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று பயந்து கணேசண்ணன் பெயரை எடுத்துக் கொடுத்தது நான் என்றும், அவர் கொண்டுபோனது பிள்ளையின் கொப்பிக்கு உறை போட ஒரு பழுதான தாள் மட்டும்தான் என்றும், கொட்டகைத் தகரம் அதிர்கிற அளவுக்குச் சொன்னேன்.

கடைசியில் நின்ற வயதான ஒரு பெண் காதில் கை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். அண்ணி திரும்பி வரிசையைப் பார்த்தார், ஒவ்வொரு முகமாக, அவசரமில்லாமல். பிறகு பையைத் தூக்கித் தராசில் மாட்டி, “இப்ப நிறுங்க” என்றார்.